கீரைக்கட்டும் குளத்து நீரும்

சித்தூரும் திருப்பதியும் தமிழர்க்கு அயலூர்கள் அல்ல. 1911-ஆம் ஆண்டு வரை சித்தூர் வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகராக விளங்கியது. 1953-இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது சித்தூர் ஜில்லா அதனைச் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறினும் ஏழுமலை யாத்திரை மாறவில்லை. டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியுள்ள நம்மவர் ஊர் செல்லும்போது ரேணிகுண்டாவில் இறங்கி மலையேறி வருதல் இன்றும் வழக்கம். அந்த யாத்திரையோடு ஒரு நோயின் வரலாறும் பின்னிக் கிடக்கிறது. அது நம் சமையலறையில் இருக்கும் கீரைக்கட்டு வரை நீள்வதை இங்கே காண்போம்.

1817-ஆம் ஆண்டில் வங்காளத்து ஜெஸ்ஸூரில் வாந்திபேதி பெருங்கொள்ளையாக எழுந்தது. மறு ஆண்டிலேயே அது சென்னை இராஜதானியை எட்டியது. அன்று தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் திருவிழாக் கூட்டமும் வாந்திபேதியும் ஒன்றையொன்று தொடர்ந்தன. புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்தும் வண்டி கட்டியும் வந்தனர். இரயில் வந்த பின்னர்க் கூட்டம் மேலும் பெருகியது. யாத்திரிகர் வழிநெடுகிலும் சத்திரங்களில் தங்கினர். குளிப்பதும் துவைப்பதும் குடிநீர் முகப்பதும் ஒரே குளத்தில் நிகழ்ந்தன. ஒருவர் உடலிலிருந்து வெளிப்பட்ட கிருமி மறுநாளே நூறு பேர் குடத்தில் புகுதற்கு இதைவிட எளிய வழி வேண்டுமோ?

ஆனால், அக்காலத்து அறிஞர் பலர் நீரைக் குற்றஞ் சாட்டவில்லை. கெட்ட காற்றே நோயைப் பரப்புவதென்று சிலர் கூறினர். 1866-இல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய சர்வதேச சுகாதார மாநாடு இந்திய யாத்திரைகளின் மீது பெரும்பழி சுமத்தியது. 1854-இலேயே இலண்டனில் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் வாந்திபேதி குடிநீர்வழிப் பரவுவதைத் தெருவாரியாகக் கணக்கெடுத்துக் காட்டியிருந்தார். 1884-இல் இராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்து, நோயுற்றோர் வாழ்ந்த பகுதியின் குளத்து நீரிலேயே அக்கிருமியைக் கண்டார். அதன் பின்னரும் இந்திய அரசாங்கத்தின் சுகாதார அதிகாரிகள் அதனை எளிதில் ஏற்றிலர். யாத்திரிகரைத் தடுப்பதா, அவருக்கு நல்ல நீர் வழங்குவதா என்னும் வினாவுக்கு விடை காணப் பல்லாண்டுகள் கழிந்தன. 1939-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் திருவிழாக் கூடும் ஊர்களுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. சித்தூரும் திருப்பதியும் அப்போது அச்சட்டத்துக்கு உட்பட்டிருந்தன.

யாத்திரிகர் கட்டுச்சோற்றையும் இங்கே நினைவுகூரத் தகும். வாந்திபேதிக் கிருமி புளிப்பைத் தாங்காது. மூட்டையில் கட்டிய புளியோதரை பசியை ஆற்றியதோடு ஓரளவு காவலாகவும் இருந்திருக்கும். காரணம் அறியாமலே கைக்கொண்ட நல்வழக்கம் அது. ஆயினும் சோற்றுக்குப் பின் குடித்த நீர் அக்காவலை எளிதில் கடந்துவிடும்.

குளத்து நீரைக் காய்ச்சலாம். குழாய் நீருக்குக் குளோரின் இடலாம். ஆனால், அதே கழிவுநீர் காய்கறித் தோட்டத்துக்குப் பாயுமாயின் என்னாகும்? 1970-இல் எருசலேம் நகரில் வாந்திபேதி பரவியபோது, சாக்கடை நீர் பாய்ச்சிப் பயிரிட்ட பச்சைக் காய்கறிகளே அதனைப் பரப்பியவை எனத் தெரியவந்தது. சிலி நாட்டுத் தலைநகர் சாந்தியாகோவில் டைபாய்டுக் காய்ச்சல் ஆண்டுதோறும் பலரை வாட்டியது. 1991-இல் வாந்திபேதி அச்சம் எழுந்தபோது, கழிவுநீரில் இலைக்கறி விளைப்பதை அரசு தடுத்தது. டைபாய்டும் உடன் தாழ்ந்தது. ஒரு நோய்க்கு அஞ்சி வாய்க்காலை அடைத்தபோது மற்றொரு நோயும் அடங்கிற்று.

செல்வ நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2006-இல் அமெரிக்காவில், பையிலடைத்து விற்ற பசலை போன்ற ஒருவகைக் கீரையைப் பச்சையாக உண்டு 26 மாநிலங்களில் சுமார் 200 பேர் நோயுற்றனர், மூவர் மாண்டனர். கால்நடைகளின் குடலில் வாழும் ஈ.கோலை இனக் கிருமி ஒன்று அதற்குக் காரணம். 2011-இல் ஜெர்மனியில் அதே இனத்துக் கிருமியால் 50-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் மீது பழி விழுந்தது. குற்றமற்ற உழவர் பெருநட்டம் அடைந்தனர். இறுதியில் வெந்தய முளையே அதனைக் கொணர்ந்தது என்று ஆய்வாளர் கண்டனர். முன்னாளில் யாத்திரிகர் மீது விழுந்த பழி போன்றதே வெள்ளரிக்காய் மீது விழுந்ததும். நோய் வந்த வழியை ஆராயுமுன் கண்ணில் பட்டதைக் குற்றஞ் சாட்டுதல் மனித இயல்பு போலும்.

இனி நாம் வாழும் நகரங்களுக்கு வருவோம். கீரையைத் திருப்பதிச் சந்தையில் ஆகுகூர என்பர். கன்னடத்தார் சொப்பு என்பர். வடநாட்டார் ஸாக் என்பர். பெயர் எதுவாயினும், நீர் எளிதில் கிடைக்கும் இடத்தருகே விளைந்து, பறித்த அன்றே விற்பனைக்கு வருவது அதன் இயல்பு. பெருநகரில் எளிதில் கிடைக்கும் நீர் பெரும்பாலும் கழிவுநீரே. மும்பையில் இருப்புப்பாதை ஓரங்களில் கீரைப்பாத்திகள் நெடுங்காலம் இருந்து வந்தன. யமுனையின் வெள்ளச் சமவெளியில் உண்பொருள் பயிரிடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. அந்நிலத்தை நம்பி வாழும் உழவரை நினைக்கும்போது இது எளிய செய்தியன்று. நகரம் தன் கழிவைத் தூய்மைசெய்யாது ஆற்றில் விட்டுவிட்டு, அந்நீரை இறைத்தவனை மட்டும் கடிந்துகொள்வது நேர்மையாகாது.

கீரையை வெறுத்தலும் வேண்டா. நம் மரபில் கீரை வேகவைத்து மசித்து உண்ணப்படுவது. கொதியில் இக்கிருமிகள் மாள்கின்றன. இடர் இருப்பது பச்சையாகச் சேர்க்கும் கொத்தமல்லியிலும் புதினாத் துவையலிலும், அயல்நாட்டுப் பழக்கமாய் வந்த இலைக்கலவையிலும் ஆகும். கிருமி இலையின் மடிப்புகளிலும் வெட்டுவாயிலும் ஒட்டிக்கொள்வதால், ஒருமுறை நனைத்தெடுத்தல் போதாது. வேரையும் அழுகிய இலையையும் நீக்கி, குடிக்கத்தக்க நல்ல நீரை மும்முறை மாற்றி அலசுக. அலசிய பின்னரே அரிக. கழுவுதல் கிருமியைக் குறைக்கும், முற்றும் போக்காது. ஆதலால் குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் கர்ப்பிணிகளுக்கும் வேகவைத்ததையே கொடுத்தல் நலம்.

யாத்திரைத் தலங்களில் நல்ல குடிநீர் வேண்டுமென்று கேட்க நம் மூதாதையர்க்கு நெடுங்காலம் ஆயிற்று. கேட்ட பின்னரே குழாயும் சட்டமும் வந்தன. நாம் வாழும் நகரத்திலும் கீரை எந்த நீரில் விளைகிறது என்பதை விற்பவரிடம் மட்டுமன்றி, நகராட்சியிடமும் கேட்போமாக.