"எத்தினை நாள் வார்ட்டில நிண்டவர்?"

காப்புறுதி அலுவலகத்துப் பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டாள். "எத்தினை நாள் வார்ட்டில நிண்டவர், அம்மா?"

மகளின் சம்பளத்தில் மாதாமாதம் காப்புறுதிக்கென்று ஒரு தொகை வெட்டுகிறார்கள். பேரனின் பேச்சுச் சிகிச்சைக்குக் கொடுத்த காசில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்குமா என்று கேட்கத்தான் நானும் மகளும் நெடுந்தீவிலிருந்து அவ்வளவு தூரம் போயிருந்தோம். பற்றுச்சீட்டுகளைத் திகதிவாரியாக அடுக்கி, குண்டூசி குத்திக் கொண்டுபோயிருந்தேன். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: அனுமதித்த திகதி, வெளியேறிய திகதி. பேரனை ஒருவரும் எங்கும் அனுமதிக்கவில்லை. அவனுக்கு ஓட்டிசம். வாரத்துக்கு ஒரு தடவை, தவறினால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அரை மணித்தியாலம் ஒரு மேசைக்கு முன்னால் இருந்துவிட்டு வருவான். "வார்ட்டில நிக்காட்டி இதுக்குள்ள வராது அம்மா" என்று அந்தப் பிள்ளை சீட்டுகளைத் திருப்பித் தந்தாள். அவளில் பிழை இல்லை. கட்டத்தை வரைந்தது அவளல்ல.

நான் 1978 இல் மருத்துவமாதுவாகச் சேர்ந்து 38 வருடம் தீவுகளில் வேலை செய்தவள். நெடுந்தீவு, நயினாதீவு, வேலணை என்று மாறிமாறி. இங்கே நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட பலருக்கு நான் இன்னும் "மிஸ்ஸி"தான். அன்று குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்துநின்றபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் தீவுச் சனத்துக்கு வைத்தியம் என்றால் கட்டில் என்று ஆனது எப்போது?

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியை 1850 இல் தொடக்கிவைத்தவர் அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லன்ட் டைக். முதலில் அது அரசாங்கத்தின் சொத்தல்ல. ஏழைகளுக்கு உதவவென்று கூடிய ஒரு தருமச் சங்கத்தின் ஆஸ்பத்திரி. 1907 இல்தான் அரசாங்கம் அதைப் பொறுப்பெடுத்தது. ஆஸ்பத்திரி தொடங்குவதற்கு மூன்று வருடம் முன்னரே, 1847 இல், அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருடம் மானிப்பாயில் வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கியிருந்தார். இரண்டுமே பெருநிலத்தில். தீவிலிருந்து பாய்வள்ளத்தில் கரைக்கு வந்து, பிறகு மாட்டுவண்டியில் போய்ச் சேரவேண்டும். அப்படிப் போகிற ஆள் எப்படியும் படுத்தால்தான் பிறகு எழும்புவார். கட்டில் என்பது அங்கேதான் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். கடல் கடந்து வந்த நோயாளியை மருந்து கொடுத்து மாலையே திருப்பி அனுப்ப முடியாது. காலரா, பேதி, பேறுகாலம், பாம்புக்கடி எல்லாம் ஒருமுறை போய்க் கிடந்து, ஒன்றில் சுகமாகித் திரும்பி வருகிற, அல்லது வராத விடயங்கள்.

கிறீனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். 1860களின் நடுப்பகுதியில் அவர் மாணவருக்கு ஆங்கிலத்தில் படிப்பிப்பதை விட்டுத் தமிழுக்கு மாறினார். "இரண வைத்தியம்", "மனுஷ அங்காதிபாதம்", "கெமிஸ்தம்" என்று தடித்த தடித்த புத்தகங்கள் தமிழில் வந்தன. கெமிஸ்தம்! அந்தச் சொல்லை முதன்முதல் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நாங்கள் வாய்க்குள் உருட்டுகிற "ஓட்டிசம்" அதற்குத் தம்பி முறைதான். தமிழில் படித்தவன் தமிழ்ச் சனத்துக்கு வைத்தியம் பார்க்க ஊரிலேயே நிற்பான் என்பது கிறீனின் கணக்கு. 1873 இல் அவர் ஊர் திரும்பினார். அந்தக் கணக்கு அவருக்குப் பிறகு நீடிக்கவில்லை.

சுதந்திரத்தை அண்டிய வருடங்களில் அரசாங்க ஆஸ்பத்திரி எல்லாருக்கும் இலவசம் என்றாயிற்று. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கினார்கள், 1977 இல் ஆட்சி மாற அதுவும் போயிற்று. வரிப்பணமே எங்கள் காப்புறுதி. அதனால்தான் மற்ற நாடுகளில் உள்ளதுபோல மருத்துவக் காப்புறுதி என்று தனியே ஒன்று இங்கே பெரிதாக வளரவில்லை. அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். அந்த ஏற்பாட்டில் சம்பளம் வாங்கியவள் நான். ஆனால் அந்த 25 சதத்தைப் பற்றி என் மாமியார் ஒருநாளும் முறைப்பட்டதில்லை. அவர் முறைப்பட்டதெல்லாம் வள்ளக்கூலியைப் பற்றித்தான்.

எங்கள் வேலையின் சரித்திரம் வேறு. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவைத் திறந்தபோது அதன் எண்ணம் நேரெதிரானது: சனம் வருமட்டும் காத்திராதே, நீ போ. அந்த வழியில்தான் மருத்துவமாது வீடு வீடாக ஏறி இறங்கினாள். கிளினிக் நாளில் வேப்பமரக் கிளையில் தராசைக் கட்டி, பிள்ளையைத் துணித்தொட்டிலில் தூங்கவைத்து, முள் எங்கே நிற்கிறதென்று பார்த்து அட்டையில் புள்ளி வைப்பேன். கோடு மேலே ஏறினால் சந்தோசம். கீழே இறங்கினால் திரிபோஷாச் சத்துமா பைக்கற். தராசும் பதிவேடும் என்னோடு எல்லாப் படகிலும் ஏறியிருக்கின்றன.

ஓட்டிசத்தை லியோ கானர் அமெரிக்காவில் 1943 இல் விவரித்து எழுதினார். 1978 இல் எனக்குப் பயிற்சி தந்தவர்கள் அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை. 2009 இல் சிறுவர் உளமருத்துவப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் கூட்டாளிகளும் இலங்கைச் சிறுவரிடையே செய்த ஆய்வு வெளிவந்தது. ஒன்றரை முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்றது அது. அந்த எண்ணைப் பேரனுக்கு ஓட்டிசம் என்று சொன்னபிறகுதான் நான் அறிந்தேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. நான் தூக்கி நிறுத்த பிள்ளைகள் ஆயிரம் என்று குறைத்து வைத்தாலும் பத்துப் பேருக்கு மேல் என் தராசில் தூங்கியிருக்கிறார்கள்.

ஒருவனை எனக்குத் தெரியும். நெடுந்தீவில், கிழக்குப் பக்கம் ஒரு வளவு. மதிலிலிருந்து உதிர்ந்த முருகைக்கல் துண்டுகளைப் பொறுக்கி, குசினி வாசலிலிருந்து படலை மட்டும் ஒரே வரிசையில் அடுக்குவான். ஒரு கல்லை யாராவது காலால் தட்டினால் ஊரே கேட்கக் கத்துவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். "சோலி இல்லாத பிள்ளை மிஸ்ஸி, தன்ர பாட்டில இருப்பான்" என்றாள் தாய். நிறை நல்லாயிருந்தது. புள்ளியை வைத்துவிட்டு அடுத்த வளவுக்குப் போய்விட்டேன். 1985 மே 15 இல் குமுதினிப் படகில் பயணிகளைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் வெட்டிக் கொன்ற பிறகு தீவை விட்டுப் போன குடும்பங்களில் அவர்களும் ஒன்று. அவன் இருந்தால் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பான்.

1990 ஆவணியில் இராணுவம் தீவுகளுக்குள் வந்தபிறகு தீவுகளை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் பண்ணைப் பாலம் வழியான போக்குவரத்து வருடக்கணக்கில் அறுந்துகிடந்தது. அந்தக் காலத்தில் பேச்சு வராத பிள்ளையைப் பற்றி யார் யோசிப்பது? பிள்ளை உயிரோடு இருந்தால் போதும்.

பேரன் 2017 இல் பிறந்தான். இரண்டு வயதாகியும் கதைக்கவில்லை. நாக்கில் வசம்பு தடவினோம். நயினை அம்மனுக்கு மணி நேர்ந்தோம். "ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைப்பினம்" என்று அயலட்டைக்கு ஆறுதல் சொன்னவளும் நான்தான். 38 வருடச் சேவைக்காரி. ஒருநாள் அவன் சம்மாட்டியார் வீட்டு வலையில் தொங்கிய மிதவைகளைத் தரையில் ஒவ்வொன்றாக வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். எனக்கு முருகைக்கல் ஞாபகம் வந்தது. அடுத்த வாரமே யாழ்ப்பாணம் கொண்டுபோனோம்.

அங்கே அரசாங்கச் சிகிச்சை இலவசம், ஒரு சதம் கேட்கவில்லை. ஆனால் திகதிக்கும் திகதிக்கும் இடையில் நீண்ட இடைவெளி, ஏனென்றால் ஆட்கள் குறைவு. பேச்சுச் சிகிச்சையாளர்களைப் பயிற்றுவிக்க களனிப் பல்கலைக்கழகத்தில் டிப்ளோமா தொடங்கியதே 1997 இல், பட்டப்படிப்பு 2008 இல். அதில் தமிழ் பேசுவோர் எத்தனை பேர் வெளியேறி, அவர்களில் எத்தனை பேர் வடக்குக்கு வரமுடியும்? எலும்பு முறிவைச் சிங்களத்திலும் கட்டலாம், ஆங்கிலத்திலும் கட்டலாம். பேச்சைத் தமிழில்தான் கட்டவேண்டும், அதுவும் அந்தப் பிள்ளையின் வீட்டுத் தமிழில். கிறீன் இருந்திருந்தால் இதற்கும் ஒரு தடித்த புத்தகம் போட்டிருப்பார். இடைவெளியை நிரப்பத்தான் தனியாரிடமும் கொண்டுபோனோம். பற்றுச்சீட்டுகள் அப்படி வந்தவை.

காசைவிடப் பெரிய செலவு நாள். நெடுந்தீவிலிருந்து படகு ஒரு மணித்தியாலம், குறிகட்டுவானிலிருந்து பஸ் அதற்கும் மேலே. அரை மணித்தியாலச் சிகிச்சைக்கு விடியலிலிருந்து பொழுதுபடும்வரை. என்ஜின் சத்தத்துக்கு அவன் காதைப் பொத்திக்கொண்டு இருப்பான். எப்போதும் அதே மூலை வேண்டும், அதில் வேறு யாரும் இருந்தால் அன்றைய பயணம் அழுகையோடுதான். சோளகம் அடித்தால் படகே இல்லை. நாங்கள் வராத காரணம் கடல் என்று பதிவேட்டுக்குத் தெரியாது. திகதி தவறினால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும்.

பாக்கு நீரிணைக்கு அந்தப்பக்கம் இந்தியாவில் 1999 இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஓட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கானது. அதன் கீழ் "நிராமயா" என்ற காப்புறுதி, வருடத்துக்கு ஒரு இலட்சம் இந்திய ரூபா வரை. வெளிநோயாளராகப் போகும் சிகிச்சைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு சின்னது, காசு பிந்துகிறது என்று குறை சொல்வோர் அங்கேயும் இருப்பார்கள்தான். என்றாலும் வார்ட்டில் நிற்காத பிள்ளையும் பிள்ளைதான் என்று யாரோ ஒருவர் படிவத்தில் எழுதியிருக்கிறார். எங்கள் நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2017 இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று "சுரக்ஷா" காப்புறுதி வந்தது. அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டிலையும் விபத்தையும் நினைத்தது.

போன வருடம் குறிகட்டுவானில் படகு கரை தட்டியபோது கடற்காரப் பெடியன் தடித்த கயிற்றைச் சுழற்றி எறிந்தான். வழமையாக எறிவதுதான். பேரன் காதிலிருந்து கையை எடுத்து விரலை நீட்டி "கயிறு" என்றான். ஆறேழு வருடத்தில் அவன் எனக்குச் சொன்ன முதல் தெளிவான சொல். அம்மாவும் இல்லை, அம்மம்மாவும் இல்லை. சிகிச்சை தரும் பிள்ளையிடம் சொன்னபோது அவள் அப்பிள், ரயில் படங்களை எடுத்து ஒதுக்கிவைத்துவிட்டாள். "இனி வள்ளம், வலை, நண்டு எல்லாம் நீங்களே படம் கீறிக்கொண்டு வாங்கோ அம்மா" என்றாள். நான் கீறுகிற நண்டைப் பார்த்து அவன் இன்னும் நம்பவில்லை.

நான் கேட்பது பெரிய விடயமல்ல. ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையில் வாரம் ஒருநாள், நெடுந்தீவில் கிளினிக் நாளோடு சேர்த்து மாதம் ஒருநாள், தமிழ் தெரிந்த ஒரு பேச்சுச் சிகிச்சையாளர் வரவேண்டும். நாங்கள் தராசைச் சுமந்துகொண்டு போன கடல்தான், அவருக்கு ஒரு பை போதும். காப்புறுதிப் படிவத்தில் "வார்ட்டில் நின்ற நாள்" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "வந்துபோன நாள்" என்று இன்னொரு கட்டம் கீறவேண்டும். தாய்மாருக்கு ஒன்று: ஒன்றரை வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாத, விரல் நீட்டி எதையும் காட்டாத பிள்ளையை, நிறை நல்லாயிருக்கிறது என்று மிஸ்ஸி சொன்னாலும், கொண்டுபோய்க் காட்டுங்கள். மணியை நேருங்கள், அதோடு திகதியையும் எடுங்கள்.

பேரனின் அடுத்த திகதி புரட்டாதியில். அதற்குள் சோளகம் அடங்கிவிடும்.