பன்னிரண்டரை நாள் வான்பயணம்

இன்று சிங்கப்பூரில் விமானமேறும் ஒருவர் ஏறத்தாழப் பதினான்கு மணி நேரத்தில் இலண்டன் மாநகரை அடைந்துவிடலாம். இடையில் ஓர் ஊரில் விமானம் மாறவேண்டியிருந்து, முதல் விமானம் சற்றே தாமதித்துவிட்டால், அடுத்தது கிடைக்குமோ கிடைக்காதோ என்று நெஞ்சம் பதைக்கிறது. இப்பதைப்பு நம் காலத்திற்கு மட்டும் உரியதன்று. வான்வழிப் போக்குவரத்துத் தோன்றிய நாளிலேயே அதுவும் உடன்பிறந்தது. அதன் வரலாற்றை நோக்கின், நம் மூதாதையர் வாழ்ந்த மலாயாவின் ஒரு பக்கமும் நமக்குப் புலனாகும்.

1929ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் இலண்டனிலிருந்து கராச்சிக்கு விமானப் போக்குவரத்தைத் தொடங்கிற்று. கட்டணம் 130 பவுன். பயணக்காலம் ஏழு நாள். வான்பயணம் என்று பெயரே தவிர, முழுவழியும் வானில் செல்ல இயலவில்லை. குரோய்டனிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் நகர்வரை விமானம். அங்கிருந்து இத்தாலியின் ஜெனோவாவரை புகைவண்டி. பின்னர் அலெக்சாந்திரியாவரை நீர்மேல் இறங்கும் கடல் விமானம். அதன்பின் கெய்ரோவுக்கு மீண்டும் புகைவண்டி. அங்கிருந்து பாலைவனத்தின் மேலாகக் கராச்சிக்கு வேறொரு விமானம். ஆல்ப்சு மலைத்தொடர் ஒரு தடையாயிற்று. இத்தாலிய அரசின் இசைவின்மை மற்றொரு தடையாயிற்று. பாரசீக அரசும் தன் கரையோர வழியைத் தொடர்ந்து அளிக்க மறுத்தமையால், 1932இல் பாதை அரபுக்கரைக்கு மாறிச் சார்ஜாவில் ஒரு தங்குமிடம் எழுந்தது. வானத்திற்கு வேலியில்லை என்பர். வரலாறோ வேலி உண்டென்றே கூறுகிறது.

கராச்சியில் வந்திறங்கிய அஞ்சலைத் தென்னகத்திற்குக் கொண்டுசேர்க்க எழுந்ததே டாட்டா நிறுவனத்தின் விமானப் பணி. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா சிறு விமானமொன்றைத் தாமே ஓட்டி, அகமதாபாத் வழியாகப் பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அஞ்சலைப் பெற்றுப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றார். ஒரு கை கொடுக்க மறுகை வாங்கும் இத்தொடரினாலேயே இலண்டன் மடல் தமிழகத்தை விரைந்தடைந்தது.

1933 டிசம்பரில் இவ்வழி சிங்கப்பூரை எட்டியது. கராச்சியை விட்ட விமானம் ஜோத்பூர், டில்லி, அலகாபாத், கல்கத்தா, அக்கியாப், இரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார் என ஊர் ஊராக இறங்கி ஏறிச் சிங்கையை அடையும். 1935 ஏப்ரலில் குவாண்டாஸ் நிறுவனத்தின் விமானங்களிலும் பயணிகள் ஏறலாயினர். பிரிஸ்பேனுக்கும் இலண்டனுக்கும் சிங்கப்பூர் சந்திப்பாயிற்று. மொத்தப் பயணம் பன்னிரண்டரை நாள். பயணி குறைந்தது ஐந்து முறை ஊர்தி மாறவேண்டும். ஒன்று பிந்தினால் அடுத்தது காத்திருக்க வேண்டும், அதற்கடுத்ததும் பிந்தும்.

இத்தொடர் சில வேளைகளில் உயிரையும் விலையாகக் கேட்டது. 1934 நவம்பர் 15ஆம் நாள் குவாண்டாஸ் நிறுவனத்திற்கெனக் கொண்டுவரப்பட்ட புதிய விமானம் ஆஸ்திரேலியாவின் லாங்ரீச் அருகே வீழ்ந்து நால்வர் மாண்டனர். 1935 டிசம்பர் 31ஆம் நாள் இரவு, 'சிட்டி ஆப் கார்ட்டூம்' என்னும் கடல் விமானம் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தை நெருங்கிய நிலையில், எரிபொருள் வாராது எஞ்சின்கள் நின்றுவிடவே கடலில் வீழ்ந்தது. பதின்மூவரில் விமானி ஒருவரே பிழைத்தார். கரையின் விளக்கொளி கண்ணுக்கெட்டும் தூரத்தில் பன்னிருவர் மாண்டது நெஞ்சை உருக்கும் செய்தியாகும்.

இப்பயணத்தை மேற்கொண்டோர் யாவர்? இலண்டனிலிருந்து பிரிஸ்பேனுக்குக் கட்டணம் 195 பவுன். அக்காலத்து நாணய மாற்றின்படி இது ஏறத்தாழ 1,670 வெள்ளி. 1930களில் தோட்டத்து ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 50 காசு என்பதே நல்ல கூலி. விலைவீழ்ச்சிக் காலத்தில் அதுவும் குறைந்தது. அக்கூலியில் ஒரு காசும் செலவிடாமல், ஓய்வுநாளின்றி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தாலன்றி அச்சீட்டை வாங்க இயலாது. நம்மவர் வானத்தை நோக்கவில்லை. 'ரஜுலா' போன்ற கப்பல்களின் மேல்தளத்தில் பாய் விரித்து வங்கக்கடலைக் கடந்தனர். பால்மரக் காட்டின்மேல் பறந்த விமானத்தில் ஆட்சியாளரும் வணிகரும் சென்றனர்; அவ்வாட்சியையும் வணிகத்தையும் தாங்கிய செல்வத்தை விளைத்தோர் கீழே மரம் சீவிக்கொண்டிருந்தனர்.

1937 ஜூன் 12ஆம் நாள் காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. தரை விமானமும் கடல் விமானமும் ஓரிடத்திலேயே வந்து சேருமாறு அமைக்கப்பட்டமையால் மாறிச் செல்லுதல் எளிதாயிற்று. 1938இல் இங்கிலாந்திலிருந்து சிட்னிவரை ஒரே கடல் விமானம் செல்லலாயிற்று. சிங்கையில் விமானிகள் மாறினர், பயணிகள் மாறவில்லை. ஆயினும் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது, அரும்பாடுபட்டுக் கோத்த இச்சங்கிலி அறுந்தது.

வேகம் என்பது பொறியின் ஆற்றல் மட்டுமன்று. நாடுகளின் இசைவும், பலருடைய கைகளின் ஒத்துழைப்பும், அவற்றுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட உயிர்களும் சேர்ந்ததே வேகம். மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும் நாம் விமானத்தின் ஆண்டையும் பெயரையும் சொல்வதோடு நின்றுவிடலாகாது. அதில் ஏறியவர் யார், ஏற முடியாதவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கப்பல் தளத்தில் வந்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று விமானத்தில் சன்னலோர இருக்கை கேட்டு அமர்கின்றனர். அவ்விருக்கையிலிருந்து கீழே தெரியும் கடலைத் தம் பாட்டனார் எவ்வாறு கடந்தார் என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.