முதுமையுற்ற கொடிக்கு இறுதி மரியாதை

கொடியேற்றத்தை விழாவாகக் கொண்டாடுவோர் பலர். ஆயின், மழையிலும் வெயிலிலும் பறந்து நைந்துபோன கொடியை என் செய்வது என்று எண்ணுவோர் மிகச் சிலரே. ஒரு நாட்டின் சின்னமாய் நின்ற துணி, பழுதுற்றவுடன் வெறுங் கந்தையாகிவிடுமோ? இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்க மக்கள் விடை கண்ட வரலாறு நாம் அறியத்தக்கது.

1813ஆம் ஆண்டிலே பாற்றிமோர் நகரத்து மேரி பிக்கர்ஸ்கில் என்னும் பெண்மணி, மக்கென்றிக் கோட்டைக்காக 30 அடி அகலமும் 42 அடி நீளமுங் கொண்ட பெருங்கொடி ஒன்றைத் தைத்தளித்தார். 1814 செப்டெம்பரிலே பிரித்தானியக் கடற்படையின் குண்டுமாரிக்குத் தாக்குப்பிடித்த அக்கோட்டையின்மீது கொடி பறக்கக் கண்டு பிரான்சிஸ் ஸ்கொற் கீ இயற்றிய பாட்டு, 1931இல் அந்நாட்டின் தேசிய கீதமாயிற்று. பகைவரின் குண்டுக்குத் தப்பிய கொடி, அன்பரின் கத்தரிக்கோலுக்குத் தப்பவில்லை! கோட்டைத் தளபதி ஆமிஸ்ரெட்டின் குடும்பத்தார் அதனைப் பேணிவந்த காலத்திலே, போர்வீரர்க்கும் பிறர்க்கும் நினைவுப் பொருளாகத் துண்டுகளை வெட்டிக் கொடுத்தனர். நட்சத்திரம் ஒன்றும் அவ்வாறே போயிற்று. 1912இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு நன்கொடையாக்கப்பட்ட அக்கொடியில் இன்று எஞ்சியுள்ள நீளம் 34 அடியே. முறையறியாத அன்பும் அழிவு செய்யும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

வணிகரின் பேராசையும் கொடியைச் சிறுமைப்படுத்திற்று. நெபிறாஸ்கா மாநிலத்திலே பியர்ப் போத்தல்களிற் கொடியைப் பொறித்து விற்றோர் தண்டிக்கப்பட்டனர். அவர்களைத் தண்டித்த சட்டம் செல்லுபடியாகும் என 1907இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர், 1923 யூன் 14ஆந் திகதி வாசிங்டனிற் கூடிய மாநாடு கொடிக்குரிய ஒழுங்குகளை வகுத்தது. 1942இல் அவை சட்டமாயின. பறக்கவிடத் தகுதியற்றுப்போன கொடியைக் கண்ணியமான முறையிலே அழித்தல் வேண்டும். அதற்கு எரித்தலே ஏற்றது என்பது அச்சட்டத்தின் கருத்து.

முன்னாட் போர்வீரர் சங்கமாகிய அமெரிக்கன் லீஜன், 1937இல் இதற்கெனச் சடங்கு ஒன்றை ஏற்றுக்கொண்டது. பழுதுற்ற கொடிகள் தலைவர் முன் கொண்டுவரப்படும். அவை தக்க பணியிலேதான் தேய்ந்தனவா என்று ஆராயப்படும். ஆமெனக் கண்டபின், பிரார்த்தனை நிகழ, யாவரும் வணங்கி நிற்க, ஊதுகொம்பு ஒலிக்க, அவை தீக்கு அளிக்கப்படும்.

கொடியை எதிர்ப்புக்காக எரித்தோரும் அந்நாட்டில் உளர். அதுவும் கருத்துரிமையே என 1989இல் உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தீ ஒன்றே, எரிப்போர் நெஞ்சமே வேறு.

இந்தியாவின் 2002ஆம் ஆண்டுக் கொடி விதிக்கோவையும், பழுதுற்ற கொடியை முழுமையாகத் தனியிடத்திலே, எரித்தோ அதன் கண்ணியத்துக்கேற்ற வேறு வழியிலோ அழிக்குமாறு கூறுகின்றது. வேள்வித் தீயைத் தேவர்க்கு அவி கொண்டுசெல்லும் தூதாகவும், ஈமத் தீயை உடலின் இறுதிப் புகலிடமாகவும் கொண்ட நம்மவர்க்கு இம்முறை புதிதன்று.

இளைஞர்காள்! அச்சடங்கிலே கேட்கப்படும் வினாவை மறவாதீர். கொடி கிழிந்தது இழிவன்று. எப்பணியிற் கிழிந்தது என்பதே வினா. பெட்டியிற் பூட்டி வைத்த கொடி நைவதில்லை. அது யார்க்கும் பயன்பட்டதுமில்லை. காற்றோடு போராடித் தேய்ந்த கொடிக்கே வணக்கம் உரியது. நம் சங்கத்துக்காக உழைத்துத் தளர்ந்த முதியோர்க்கு நாம் செலுத்தும் மரியாதையும் அத்தகையதாக அமைக.