கரிசல் சரக்கும் தோணிக் குடித்தனமும்

விருதுநகர் மாவட்டத்தின் வைப்பாறும் அர்ச்சுனா நதியும் மழை பெய்தால் மட்டுமே நீர் காண்பவை என்பதால், படகில் குடியிருப்பதும் நீர்வழியே நெடும்பயணம் போவதும் இந்நிலத்துக்குச் சற்றும் ஒட்டாத செய்திகளாகத் தோன்றும். வறண்ட இந்த வானிலைதான் சிவகாசியில் 1923ஆம் ஆண்டு வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலுக்கும் பின்னர் வந்த பட்டாசுத் தொழிலுக்கும் வாய்ப்பாக அமைந்தது. ஆயினும் கரிசலில் விளைந்த பருத்திக்கும் மிளகாய்க்கும் கடல் கடந்தும் சந்தை இருந்தமையால், இவ்வூர்களின் வணிக வரலாற்றில் ஒரு பகுதி தூத்துக்குடித் தோணிகளின் மேல்தளத்தில் நடந்தது.

விருதுபட்டி என வழங்கிப் பின்னர் விருதுநகரான ஊரைப் பற்றி எழுதுவோர், வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்குவதற்கு மதில் எழுப்பிய வளாகமாகிய பேட்டையைப் பற்றியும், வணிகர்கள் சரக்கின் பேரில் தமக்குள் திரட்டிக்கொண்ட பொதுநிதியாகிய மகமையைப் பற்றியும் விரிவாகவே எழுதியுள்ளனர். மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகத் தூத்துக்குடிக்கு 1876இல் ரயில் பாதை திறக்கப்பட்டதையும் அவர்கள் விடுவதில்லை. ஆனால் கதை அநேகமாக ரயிலடியோடு நின்றுவிடுகிறது. மூட்டை அதற்கப்பால் யார் கையில் போயிற்று என்ற கேள்வி அபூர்வமாகவே எழுப்பப்படுகிறது.

தூத்துக்குடியின் பழைய துறைமுகம் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து ஏறத்தாழ 5 மைல் தள்ளி நங்கூரமிட, கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கைச் சுமந்தவை தோணிகளே. பெரிய தோணிகள் கப்பலை எதிர்பாராமல் தாமே பாய் விரித்துக் கொழும்பு வரை சென்றன. பிற ஊர்களில் தோணி என்றால் சிறு ஓடம்; தூத்துக்குடியிலோ அது தட்டையான அடிப்பாகமும் நிமிர்ந்த பக்கங்களும் உடைய, நூறு டன்னுக்கு மேலும் ஏற்றக்கூடிய, பலகைகளால் கட்டிய மரக்கலம். பலகைகளின் இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசி நீர் கசியாமல் அடைக்கும் வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். பருத்திப் பொதியைச் சுமந்த கலத்தைக் கடலிடமிருந்து காத்ததும் பஞ்சுதான்.

தோணியை நடத்துபவர் தண்டல், சமைப்பவர் பண்டாரி. கொள்ளளவு முழுவதும் சரக்குக்கே உரியது என்பதால், ஆட்களுக்கு மிஞ்சியது மேல்தளமும் பாயின் நிழலும் மட்டுமே. குடிநீர் பீப்பாயில் அளவாக இருந்தது. மரக்கலத்தில் தீயைப் போல் அஞ்சத்தக்கது வேறில்லை என்பதால் அடுப்புக்கும் தனிக் காவல் வேண்டியிருந்தது. கொழும்பு ஏறத்தாழ 150 கடல் மைல் தொலைவே என்றாலும், காற்று விழுந்துவிட்டால் பாய் துவண்டு, கலம் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்க, பண்டாரியின் அரிசிக் கணக்குத் தப்பிப்போகும். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் தோணிகள் கரையில் ஓய்ந்து, மராமத்துக்கும் கலப்பற்றுக்கும் ஆட்பட்டன. இவ்வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்த தமிழ்ப் படைப்பு ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவல்; வரலாற்றாசிரியர்கள் விட்ட இடத்தை ஒரு நாவலாசிரியர் நிரப்ப நேர்ந்திருக்கிறது.

பயணிகளின் கதை சுருக்கமானது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, இலங்கைக் கப்பலோடு இணைந்த ரயிலாகிய போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பும் வரை, சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் விருதுநகர் வழியே தூத்துக்குடி சேர்ந்து கப்பலேறினர். 2011 ஜூனில் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடத் தொடங்கி, அவ்வாண்டு நவம்பருக்குள் நின்றுபோயிற்று. தோணிகளோ, பாயோடு இயந்திரத்தையும் ஏற்றுக்கொண்டு, கொழும்பைப் பெட்டகக் கப்பல்களுக்கு விட்டுக்கொடுத்து, வெங்காயமும் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் நிரப்பிய வயிற்றோடு மாலத்தீவின் மாலே துறைமுகத்துக்குத் திசை மாற்றிக்கொண்டன.