ரயில்வே டைம்டேபிளும் வெள்ளீயத் தாளும்

பிராட்ஷா என்பது ரயில் நேர அட்டவணைப் புத்தகம். வெள்ளைக்காரன் காலத்தில் எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டுமானால் அதைத்தான் புரட்ட வேண்டும். (1890-களின் பிராட்ஷாவில் புதுக்கோட்டையைத் தேடினால் கிடைக்காது. திருச்சியிலிருந்து இங்கே ரயில் வந்ததே 1929-ல்தான்!) அந்தப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளீயத் தாள்களைச் செருகி, அதை ஓர் இயற்பியல் கருவியாகவே மாற்றினார் ஒருவர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் ஜகதீஷ் சந்திர போஸ். செடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று சொன்னாரே, அதே போஸ்தான்.

1885-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அப்போது இந்தியப் பேராசிரியருக்கு, ஐரோப்பியர் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குதான் சம்பளம். போஸின் வேலை தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. "இந்தச் சம்பளமே வேண்டாம்" என்று மறுத்துவிட்டார். ஆனால் வகுப்பு எடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. மூன்று வருஷம் இப்படியே ஓடியது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து முழுச் சம்பளத்தையும் அரியரோடு கொடுத்தது. அந்த மூன்று வருஷக் கணக்கை எந்தத் தலைப்பில் எழுதியிருப்பார்கள் என்று காமர்ஸ் மாணவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

1894-ல் ஆராய்ச்சியில் இறங்கினார். வசதியான லேப் எல்லாம் இல்லை. கல்லூரியில் ஒரு சின்ன அறை, கருவி செய்து தர உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவர், அவ்வளவுதான்.

அதற்குச் சில வருஷம் முன்புதான், 1888-ல், ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளும் ஒளி மாதிரியே நடந்துகொள்கின்றன என்று காட்டியிருந்தார். அவருடைய அலையின் நீளம் சுமார் 66 செ.மீ. அலையைவிடக் கருவி பெரிதாக இருந்தால்தான் சோதனை ஒழுங்காக வரும். அதனால் அலையை வளைத்துக் காட்ட அவர் கீலில் வார்த்த முப்பட்டகத்தின் எடை கிட்டத்தட்ட 600 கிலோ!

போஸ் கருவியைப் பெரிதாக்கவில்லை, அலையைச் சின்னதாக்கினார். சிறிய உலோக உருண்டைகளுக்கு இடையே மின்பொறி பறக்கவிட்டு, 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை உண்டாக்கினார். உண்மையான சாமர்த்தியம் இதுதான். 66 செ.மீ. அலைக்கு முன்னால் ஒரு புத்தகம் வெறும் தூசு. 5 மி.மீ. அலைக்கோ அது பெரிய சுவர். மொத்தச் சோதனையும் ஒரு மேஜைக்குள் அடங்கிவிட்டது.

சரி, அந்தப் புத்தகம் என்ன செய்தது? அலையைப் புத்தகத்தின் விளிம்பு வழியாக, பக்கங்களுக்கு இடையே நுழையவிட வேண்டும். அலையின் மின்புலம் வெள்ளீயத் தாளோடு இணையாக இருந்தால், தாளில் உள்ள எலக்ட்ரான்கள் அதனோடு சேர்ந்து ஓடி அலையைத் திருப்பி அனுப்பிவிடும். செங்குத்தாக இருந்தால், அவை ஓட இடமே இல்லை. அலை இடுக்கு வழியே போய்விடும். இடுக்கு அரை அலைநீளத்தைவிடக் குறுகலாக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. புத்தகத்தின் பக்கங்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. ஒரே திசையில் அதிரும் அலையை மட்டும் வெளியே விடும் இந்த வடிகட்டிக்குப் பெயர் போலரைசர். வெள்ளீயத் தாள் இல்லாத சாதாரணப் புத்தகம்கூட ஓரளவு இந்த வேலையைச் செய்கிறது என்பதையும் போஸ் காட்டினார்.

1898-ல் இன்னொன்று செய்தார். முறுக்கிய சணல் நாருக்குள் அலையை அனுப்பினார்; அலை அதிரும் திசையே திரும்பியது. இயற்கையில் இல்லாத குணத்தை அமைப்பாலேயே உண்டாக்கும் மெட்டாமெட்டீரியல் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அந்தச் சணலிலிருந்துதான் கதையை ஆரம்பிக்கிறார்கள்.

போஸ் என்றாலே நம் ஆட்கள் "ரேடியோவைக் கண்டுபிடித்தது மார்க்கோனியா, போஸா" என்று சண்டைக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் சத்தத்தில் இந்தப் புத்தகம் காணாமல் போகிறது. அதுதான் வருத்தம்.

2004-ல் மான்செஸ்டரில் ஓர் அணு தடிமனே உள்ள கிராஃபீன் தாளைப் பிரித்தெடுத்தார்கள். 2010-ல் அதற்கு நோபல் பரிசு. கிராஃபீனையும் மின்சாரம் கடத்தாத பொருளையும் மாற்றி மாற்றி அடுக்கி, அலைகளை எப்படியெல்லாம் ஆட்டிவைக்கலாம் என்று இப்போது ஆராய்கிறார்கள். அடுக்கும் யோசனை பழையதுதான். ஆனால் கிராஃபீனில் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தாலே போதும், அதன் கடத்துதிறன் மாறும். பிராட்ஷாவில் அந்த வசதி கிடையாது, தாளை உருவித்தான் ஆக வேண்டும் :-)