ஆஸ்பிரின் கற்பித்த பாடம்

பதின்ம வயதுப் பிள்ளைகள் பலர், காய்ச்சலோ தலைவலியோ வந்தால் நம்மைக் கேளாமலே வீட்டிலுள்ள மாத்திரையை விழுங்கிவிடுகின்றனர். பெரியவர்களுக்கு ஏற்ற மருந்து பிள்ளைகளுக்கும் ஏற்றது என்று நாமும் எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் தவறென்பதற்கு ஆஸ்பிரினின் வரலாறே சான்று.

ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1899இல் ஆஸ்பிரினை அறிமுகப்படுத்தியது. பல்லாண்டுகள் அது பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் கொடுக்கப்பட்டது. 1963இல் ஆஸ்திரேலிய மருத்துவர் டக்ளஸ் ரை, பிள்ளைகளின் மூளையையும் கல்லீரலையும் ஒருங்கே தாக்கி உயிர் பறிக்கும் நோயொன்றை விளக்கினார். சளிக்காய்ச்சல் அல்லது சின்னம்மை கண்ட பிள்ளைகள் ஆஸ்பிரின் உட்கொள்வதோடு அந்நோய்க்குத் தொடர்புண்டு என்பதை 1980களின் அமெரிக்க ஆய்வுகள் உணர்த்தின. 1980இல் அமெரிக்காவில் 555 பேருக்கு அந்நோய் பதிவாகியிருந்தது. எச்சரிக்கை பரவியபின், 1994 முதல் 1997 வரை ஆண்டுக்கு இருவருக்குமேல் பதிவாகவில்லை. பிரிட்டன் 1986இல் 12 வயதுக்குட்பட்டோருக்கு ஆஸ்பிரினைத் தவிர்க்கச் சொன்னது. 2002இல் அவ்வரம்பை 16 வயதாக உயர்த்தியது.

டிங்கி பரவும் நம் நாட்டில், இரத்தக்கசிவை மிகுவிக்கும் ஆஸ்பிரினைக் காய்ச்சலுக்குத் தருவது மேலும் ஆபத்தானது.

அன்புப் பெற்றோர்களே, ஆசிரியர்களே! எந்த மாத்திரையையும் நம்மிடமோ மருந்தாளரிடமோ கேட்ட பின்னரே உட்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்குவோம். மருந்துப் பெட்டியின் எச்சரிக்கையைப் படிக்கக் கற்பிப்பதும் கல்வியே.