செவர்லே ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் (1929–1962)

ஜெனரல் மோட்டார்ஸ் தன் செவர்லே கார்களிலும் லாரிகளிலும் பொருத்திய நேர்வரிசை எஞ்சின் குடும்பம்; செல்லப் பெயர் 'ஸ்டோவ்போல்ட்'. நாலு சிலிண்டர் விலையில் ஆறு சிலிண்டர் என்ற விளம்பரத்தோடு 1929 மாடல் கார்களில் 194 கன அங்குல எஞ்சினாக வந்தது. போட்டியாளரான ஃபோர்டு மாடல் ஏ-க்கு அப்போது நாலு சிலிண்டர்தான். பின்னர் வந்த 207 கன அங்குல எஞ்சினைப் பார்த்தே டொயோட்டா தன் முதல் எஞ்சினான டைப் ஏ-யை உருவாக்கியது.

1937-இல் எஞ்சின் புதிதாக வடிவமைக்கப்பட்டது: 216 கன அங்குலம், 85 குதிரைத்திறன். மூன்றாக இருந்த மெயின் பேரிங் நான்கானது. எண்ணெய் போகும் வழியில் மட்டும் பழைய முறை நீடித்தது. மெயின் பேரிங்குகளுக்கு பம்ப் அழுத்தத்தில் எண்ணெய் போகும். கனெக்டிங் ராடுகளுக்கு அந்த வசதி இல்லை. ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி சுழலும்போது தொட்டி எண்ணெயை அள்ளிக்கொள்ளும். வேகம் கூடினால் குழாய் முனைகள் அந்தக் கரண்டியை நோக்கி எண்ணெயைப் பீய்ச்சும். ராடில் உருக்கி ஊற்றிய பாபிட் உலோகமே பேரிங். தேய்ந்தால் ஷிம் தகட்டை எடுத்து இறுக்க வேண்டும். இதை மட்டமான எஞ்சின் என்பவர்கள் உண்டு. நிதானமான வேகத்துக்கு அது போதுமானதே. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக விரட்டினால்தான் தொல்லை.

1941-இல் பெரிய லாரிகளுக்கு 235 கன அங்குல எஞ்சின் வந்தது. 1950-இல் பவர்கிளைடு தானியங்கி கியர் கார்களுக்கும் போனது. '235' என்ற எண்ணை மட்டும் நம்பி உதிரிபாகம் வாங்குபவர் இங்கேதான் ஏமாறுகிறார். 1953-இல் பவர்கிளைடு கார்களின் 235-க்கு ராடு வரை அழுத்த எண்ணெய், கழற்றி மாற்றும் பேரிங், அலுமினிய பிஸ்டன் எல்லாம் கிடைத்தன. அதே ஆண்டு கையால் கியர் போடும் கார்களின் 235 பழைய முறையிலேயே ஓடியது. 1954-இல்தான் எல்லாக் கார்களுக்கும் புது முறை. 1953 கார்வெட்டில் மூன்று கார்புரேட்டர்களோடு 150 குதிரைத்திறன் தந்ததும் 235-தான்.

வெளியிலிருந்தே அடையாளம் காணலாம். 216-இல் வால்வு கவரை உச்சியில் இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கும். பக்கத் தகடு ஸ்பார்க் பிளக்குகளைச் சூழ்ந்து மேலேறும். 1954-க்குப் பிந்தைய 235-இல் கவரின் கீழ் விளிம்பில் நான்கு திருகுகள். பக்கத் தகடு பிளக்குகளுக்குக் கீழேயே நின்றுவிடும்.

1954-இல் லாரிகளுக்கு வந்த 261, தோற்றத்தில் 235-தான். ஆனால் துளை பெரிதானதால் சிலிண்டர்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டன; இடையே நீராவி வெளியேறச் சிறு துளைகள் தேவைப்பட்டன. 235-இன் ஹெட்டை இதில் மாட்டுபவர் அத்துளைகளைத் தாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

1962 செவி II காரில் ஏழு மெயின் பேரிங் கொண்ட புதிய குடும்பம் அறிமுகமானது. அதன் முதல் எஞ்சினின் கொள்ளளவும் 194 கன அங்குலமே. 1929-இன் 194-க்கும் அதற்கும் வேறு உறவில்லை.